சோளத்தாம்பு மேய்ந்த மாட்டுக்கான ஊசி: வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

வெள்ளக்கோயில் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: தட்டு அறுத்த காட்டில் மழைக்குத் துளிர்த்த சோளத்தை ரெண்டு ஆடும் ஒரு மாடும் புகுந்து மேய்ந்துவிட்டன. ஒரு ஆடு அங்கேயே விழுந்து செத்தது. டாக்டர் வந்து மாட்டுக்குக் கழுத்து நரம்பில் மருந்து ஏற்றினார், மாடு எழுந்து நின்றுவிட்டது. அது என்ன ஊசி, வாங்கி வைத்துக்கொள்ளலாமா, பி12 ஊசியே சயனைடுக்கு முறிவு என்று இன்டர்நெட்டில் போட்டிருக்கிறதே, அதைப் போடலாமா?

வேண்டாங்க, ரெண்டுமே வேண்டாம்.

இளஞ்சோளத்திலும், அறுத்த பிறகு துளிர்க்கிற மறுதாம்பிலும் டூரின் என்ற பொருள் அதிகம். மாடு மென்று விழுங்கியதும் அதிலிருந்து சயனைடு பிரிகிறது. அசைபோடும் மாடு, ஆட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதை இன்னும் வேகப்படுத்துவதால் குதிரை, பன்றியைவிட இவற்றுக்குத்தான் ஆபத்து கூடுதல். ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், ஆனால் அதை உடம்பின் செல்கள் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி சயனைடு தடுத்துவிடும். அதனால்தான் மூச்சு வாங்கி, நடுங்கி, விழுந்து கிடக்கிற மாட்டின் ஈறும் கண்ணின் உள்பக்கமும் செக்கச்செவேல் என்று இருக்கும்.

டாக்டர் போட்டது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட்டாக இருக்கும், சிலர் அதற்கு முன்னால் சோடியம் நைட்ரைட்டும் தருவார்கள். நைட்ரைட் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒரு பகுதியை, ஆக்சிஜன் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக மாற்றும், அது சயனைடைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். தயோசல்பேட் அந்த சயனைடுக்குக் கந்தகம் கொடுத்து, விஷம் குறைந்த தயோசயனேட்டாக்கிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அளவைப் பாருங்கள்: தயோசல்பேட் ஒரு கிலோ உடல் எடைக்குக் குறைந்தது 500 மில்லிகிராம். 400 கிலோ மாட்டுக்கு 200 கிராம், 20 சதவீதக் கரைசலாகக் கலக்கினால் முழுசா ஒரு லிட்டர். துடிக்கிற மாட்டின் கழுத்து நரம்பைப் பிடித்து ஒரு லிட்டர் ஏற்றுவது சிரிஞ்சு வேலை இல்லை.

அதைவிடப் பெரிய வம்பு ஒன்று இருக்கிறது. வறட்சியில் வாடிய சோளத்தில், அதுவும் யூரியா போட்ட காடாக இருந்தால், நைட்ரேட்டும் ஏறியிருக்கலாம். நைட்ரேட் விஷத்திலும் மாடு இதேபோல மூச்சுத் திணறித்தான் விழும், ஆனால் ரத்தம் ஏற்கெனவே மெத்ஹீமோகுளோபினாகி சாக்லேட் நிறத்தில் இருக்கும், அதற்கு மருந்து மெத்திலீன் புளூ. அந்த மாட்டுக்குப் போய் நைட்ரைட் ஏற்றினால் நாமே கொன்ற மாதிரி. எது எது என்று தெரியாதவர் கையில் நைட்ரைட் இருக்கவே கூடாது என்பது என் கருத்து.

பி12 விஷயம் பாதி உண்மை. மனிதர்களுக்கு ஹைட்ராக்சோகோபாலமின் என்ற பி12 வகை நல்ல முறிவு மருந்துதான், சயனைடைப் பிடித்து சயனோகோபாலமினாக மாறிச் சிறுநீரில் போய்விடும், தோலும் சிறுநீரும் கொஞ்ச நாள் சிவந்திருக்கும். ஆனால் ஒரு ஆளுக்கே 5 கிராம், 15 நிமிடத்தில் நரம்பில் ஏற்ற வேண்டும். 1 மில்லிகிராம் ஆம்பூலாக வாங்கினால் ஐயாயிரம் உடைக்கணும்! மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மெத்தில்கோபாலமின் இதற்கு உதவாது. கோயமுத்தூரில் சயனைடு புழங்கும் முலாம் பூசும் பட்டறை வைத்திருப்பவர்கள் இந்த மருந்து பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது.

சரி, நீங்கள் செய்யக்கூடியது என்ன? விழுந்ததும் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கோ உங்கள் மாட்டு டாக்டருக்கோ போன் போடுங்கள், சோளத்தாம்பு மேய்ந்தது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், அவர் அதற்கேற்ற மருந்தோடு கிளம்புவார். மற்ற உருப்படிகளை வெளியே ஓட்டுங்கள். விழுந்ததை அடித்து எழுப்ப வேண்டாம், வாயில் எதையும் ஊற்றவும் வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். வாயால் கொடுக்கும் தயோசல்பேட் (போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்பார்களே, அதேதான்) நிற்கிற மாட்டுக்கு, டாக்டர் சொன்ன அளவில் மட்டும். அறிகுறி வந்து ரெண்டு மணி நேரம் தாண்டிய மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

அந்தக் காட்டை இப்போதைக்கு அடைத்துவிடுங்கள். பூத்த பிறகு அறுத்து, நன்றாகக் காய்ந்ததும் போடலாம். பாதி வாடியது பச்சையைப் போலவே ஆபத்து. ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளித் தழையும் பச்சைத் தோலும் போடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான், அதிலும் சயனைடு உண்டு.