பொனவெந்தூராவின் பத்து லட்சம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலியின் செர்ஜியோ தோஃபானோ வரைந்த ‘சிஞ்ஞோர் பொனவெந்தூரா’ படக்கதைப் பக்கங்கள் சில பார்த்தேன். பேச்சுக் குமிழே கிடையாது, படத்துக்கடியில் பாட்டு. கதையும் வாராவாரம் ஒன்றேதான். குழந்தைகளுக்கு எப்படி அலுக்காமல் போனது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குமிழை எடுத்தது தோஃபானோ இல்லை. மிலானில் 1908 டிசம்பரில் தொடங்கிய ‘கொரியேரே தெய் பிக்கோலி’ வார இதழின் வழக்கம் அது. அமெரிக்கக் காமிக்ஸை வாங்கிப் போடும்போதும் குமிழை அழித்துவிட்டுக் கீழே செய்யுள் அச்சிட்டார்கள். அதில் வரும் கோளாறு உங்களுக்கே தெரியும்: படம் காட்டியதையே பாட்டும் சொல்லும்.

‘ஸ்தோ’ என்று கையெழுத்திட்ட தோஃபானோ (1886–1973) தொழில்முறை மேடை நடிகர். பாட்டைக் கட்டியக்காரனுக்குக் கொடுத்துவிட்டு நடிப்பைப் படத்துக்கு வைத்துக்கொண்டார். பக்கத்துக்கு எட்டுக் கட்டம். ஆட்கள் தலை முதல் கால் வரை தெரிவார்கள், பின்னணி பேருக்குத்தான். பொனவெந்தூராவுக்குச் சிவப்புக் கோட்டு, சிவப்புத் தொப்பி, தொளதொள வெள்ளைக் கால்சட்டை, கூடவே ஒரு டாஷ்ஹண்ட் நாய். எவ்வளவு சின்னதாக அச்சானாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். 1927 முதல் இதே உடுப்பில் தோஃபானோவே மேடையிலும் ஏறினார்.

பாட்டு எட்டசை அடிகள், இரண்டிரண்டாக, அடிகளின் கடைசி ஒலி ஒத்து வரும்; நம் இலக்கணத்தில் இயைபுத் தொடை. ‘பொனவெந்தூரா ஐயாவின் துரதிர்ஷ்டம் இங்கே தொடங்குகிறது’ என்பது ஒரு தொடக்கம். இத்தாலியனில் துரதிர்ஷ்டம் ‘ஸ்வெந்தூரா’. அவர் பெயருக்குப் பொருளோ நல்லதிர்ஷ்டம். ஆக, முதல் இரண்டடியிலேயே முழுக்கதையும் வந்துவிட்டது. உரைநடையாக மொழிபெயர்த்தால் இதுதான் முதலில் சாகும். தமிழில் செய்பவர் பெயரை விட்டுக்கொடுத்து இயைபைக் காப்பாற்ற வேண்டும்: ‘கெட்டகாலம்’, ‘நல்லகாலம்’ என்று ஏதாவது. பெயரைப் புனிதமாக வைத்துக்கொண்டால் பாட்டு நொண்டும்.

கதை ஒன்றேதான், சரி. பொனவெந்தூரா தடுக்கி விழுவார், அந்த விழுகை வேறு யாருக்கோ நன்மையாக முடியும், கடைசியில் பத்து லட்சம் லிரா (அன்றைய இத்தாலிய நாணயம்) பரிசு. அடுத்த வாரம் மறுபடி ஓட்டாண்டி. பணம் எங்கே போனது என்று விளக்கமே கிடையாது, அதுதான் அழகு. குழந்தைக்கு முடிவு முன்பே தெரியும். இந்த விபத்து எப்படி நன்மையாகும் என்பதுதான் புதிர்.

முதல் பக்கம் வந்தது 1917 அக்டோபர் 28, முதல் உலகப் போரில் கபொரெத்தோ முனையில் இத்தாலியப் படை உடையத் தொடங்கி நான்கு நாள் கழித்து. அன்று பத்து லட்சம் கனவுத்தொகை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் விலைவாசி அதைத் தின்றுவிட, பரிசை நூறு கோடியாக்க வேண்டியதாயிற்று. தேதியில்லாத பக்கம் கையில் கிடைத்தால் பரிசாக வரும் நோட்டைப் பாருங்கள்: ‘மிலியார்தோ’ (நூறு கோடி) என்றிருந்தால் அது போருக்குப் பிந்தையது.