புது ஈரல், பழைய குழாய்: சிஸ்டரிடம் கேட்டவை

சென்னையில் கல்லீரல் மாற்று வார்டில் 19 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. மாத்திரை அளவு கேட்டால் சொல்ல மாட்டேன். ஈரலில் ஊறும் பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பித்தக் குழாய் பற்றி வந்த கேள்விகளுக்கு, கட்டிலருகே நின்று பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

பெரம்பூர் வாசகர்: தங்கை அப்பாவுக்கு ஈரல் கொடுத்தாள். நான்காம் மாதம் பித்தக் குழாய் சுருங்கிவிட்டது என்கிறார்கள். யார் செய்த தவறு, சிஸ்டர்?

பெரும்பாலும் யார் தவறும் இல்லை. உங்கள் தங்கையின் ஈரல் துண்டில் இருக்கும் பித்தக் குழாய் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். சிலருக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு வாய் இருக்கும். அதை அப்பாவின் குழாயோடு தைக்கிறார்கள். ஆறும்போது தழும்பு இறுகினால் வழி குறுகிவிடும். உயிருடன் இருப்பவர் தரும் ஈரலில் இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம்.

இன்னொரு காரணம் இரத்தம். ஈரலுக்குத் தமனி வழியாகவும், குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும் இரத்தம் வருகிறது. பித்தக் குழாய்க்கு ஏறக்குறைய தமனி மட்டும்தான். வீட்டுக்கு மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் இருக்க, மாடிக் குழாய்க்கு மட்டும் ஒரே இணைப்பு என்றால் எப்படி? தமனி அடைத்தால் முதலில் காய்வது பித்தக் குழாய்தான். தையல் இருக்கும் இடத்தில் மட்டும் சுருங்கினால் ஸ்டென்ட் (வழியைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்துப் பெரும்பாலும் சரிசெய்கிறார்கள். ஈரலுக்குள் பல இடங்களில் சுருங்கினால் கடினம். அப்பாவுக்கு எது என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

தாம்பரம் வாசகி: அல்ட்ராசவுண்டில் எல்லாம் சரி என்று வந்துவிட்டது. ஆனாலும் எம்.ஆர்.சி.பி. (பித்தக் குழாய்களைப் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறார்கள். வீண் செலவா?

இல்லை. மற்றவர்களுக்கு அடைப்பு என்றால் மேலே குழாய் வீங்கி ஸ்கேனில் தெரியும். மாற்றிய ஈரலில் குழாய் வீங்காமலே அடைத்திருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் ஈரலின் நிலையைக் காட்டும் பிலிருபினும் அல்கலைன் பாஸ்பேட்டேஸும் ஏறினால் ‘ஸ்கேன் நார்மல்’ என்ற ஒரு வரியை நம்பி உட்கார முடியாது. உடல் புது ஈரலை நிராகரித்தாலும் இதே எண்கள் ஏறும். எது என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

அம்பத்தூர் வாசகி: கணவர் நன்றாக இருக்கிறார். ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்டென்டை மாற்ற வேண்டுமாம். அவசியமா?

அவசியம். பிளாஸ்டிக் ஸ்டென்ட் நாளாக நாளாக அடைத்துக்கொள்ளும். மாற்றி மாற்றி, அகலம் கூட்டி, ஏறக்குறைய ஓராண்டு வைப்பது வழக்கம். தெற்கே ஓர் ஊரிலிருந்து வந்த ஒருவர், ‘உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது’ என்று எட்டு மாதம் வரவே இல்லை. வந்தபோது கட்டில் ஆடும் அளவுக்கு நடுக்கம், கண் மஞ்சள். பிழைத்தார். அந்த மூன்று வாரம் அவர் மனைவி பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டமிடுங்கள்.

மயிலாப்பூர் வாசகி: மஞ்சள் காமாலைக்கு மாமியார் மோரில் கீழாநெல்லி அரைத்துத் தருகிறார். கொடுக்கலாமா?

மாமியாரின் அக்கறை புரிகிறது. ஆனால் தையலில் விழுந்த அடைப்பைக் கீழாநெல்லி திறக்காது. புது ஈரலை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மாத்திரை சாப்பிடுபவர் டாக்டரைக் கேட்காமல் எந்த மூலிகையும் தொடக்கூடாது. பம்ப்ளிமாஸ் பழம்கூட அந்த மருந்தை இரத்தத்தில் ஏற்றிவிடும்.

சைதாப்பேட்டை வாசகர்: அண்ணனுக்கு 101 டிகிரி, குளிர் நடுக்கம். மழையில் நனைந்த காய்ச்சலாக இருக்கும், காலையில் பார்க்கலாமா?

கூடாது. இப்போதே ஆட்டோ பிடியுங்கள்.

ராயபுரம் வாசகர், வயது 63: ஈரலிலிருந்து குழாய் போட்டு வெளியே பை மாட்டியிருக்கிறார்கள். பேத்தி கல்யாணத்துக்குப் போகலாமா அம்மா?

டாக்டர் சரி என்றால் தாராளமாகப் போங்கள் ஐயா. குழாய் இழுபடாமல் ஒட்டிக்கொண்டு, பையை வேட்டிக்குள் இடுப்புக்குக் கீழே தொங்கவிடுங்கள். பந்தியில் உட்காரும்முன் காலி செய்துவிடுங்கள். வெட்டிவைத்த பழமும் மண்டபத்துத் தண்ணீரும் வேண்டாம். பித்தம் திடீரென்று குறைந்தாலோ குழாயைச் சுற்றிக் கசிந்தாலோ தாலி கட்டும் வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். மொய் எழுதும் கையோடு அன்றைய பித்த அளவையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.