போஞ்சியும் தக்காளியும் ஒன்றல்ல, தங்கச்சி

கனடாவின் மார்க்கம் நகரில் உங்கள் வீட்டுத் தோட்டம் முதல் வருடமே போஞ்சியும் (பீன்ஸ்) வெண்டிக்காயும் தக்காளியுமாகக் கொட்டுகிறது, அவற்றைப் போத்தலில் அடைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பிரஷர் குக்கரில் அவித்து வைத்தால் மாசி மாதம் வரை இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். போன கிழமை நான்கு போத்தல் போஞ்சி அப்படி அவித்து அலுமாரியில் வைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். போத்தல் எங்கே மலிவு, பனிக்கு எந்தச் சப்பாத்து என்பவற்றுக்கு மற்றவர்கள் பதில் சொல்வார்கள். நான் எழுத உட்கார்ந்தது அந்த நான்கு போத்தலுக்காக.

தக்காளி வேறு, போஞ்சி வேறு. தக்காளியில் புளிப்பு உண்டு, போஞ்சியில் இல்லை. மண்ணில் எங்கும் இருக்கும் பொட்டுலினம் கிருமியின் வித்திகள் காயோடு ஒட்டிக்கொண்டு வரும். கொதிக்கும் தண்ணீரின் 100 பாகைச் சூட்டில் அவை சாவதில்லை. 116 பாகை வேண்டும், அந்தச் சூடு அழுத்தத்தில் அடைபட்ட நீராவியில்தான் கிடைக்கும். தப்பிய வித்திக்குக் காற்றும் புளிப்பும் இல்லாத மூடிய போத்தலைப் போல வசதியான இடம் வேறில்லை. அங்கே முளைத்து நஞ்சைக் கக்கும். பல வேளைகளில் மணமும் மாறாது, நிறமும் மாறாது. சாப்பிட்டவருக்குக் கண் இரண்டிரண்டாகத் தெரியும், இமை சரியும், நாக்குக் குழறும், பிறகு மூச்சுத் தசை வரை செயலிழக்கும்.

"அழுத்தம்தானே, என் குக்கரிலும் விசில் வருகிறதே" என்பீர்கள். வீட்டுக் குக்கர் சிறியது, சட்டென்று சூடாகி சட்டென்று ஆறிவிடும். சோதித்து எழுதிய நேரக் கணக்கில் பெரிய பாத்திரம் மெதுவாகச் சூடேறுவதும் மெதுவாக ஆறுவதும் சேர்ந்திருக்கின்றன. ஒரு லீற்றர்ப் போத்தல் குறைந்தது நான்கு நிமிர்ந்து நிற்கும் அளவுள்ள, இதற்கென்றே செய்த அழுத்தப் பாத்திரம்தான் வேண்டும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1987 கார்த்திகையில் ஸ்காபரோவில் வந்து இறங்கினோம். இரண்டு அறையில் மூன்று குடும்பம். முதல் குளிர்காலம் முழுவதும் கோவாவும் கரட்டும்தான். ஒரு பிடி வெண்டிக்காயின் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஊரில் அம்மா மிளகாயையும் கத்தரிக்காயையும் பாயில் பரப்பிக் காயவைத்த முற்றம் கனவில் வரும். அந்த வெயில் எங்களுக்காக எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பது வெயில் இல்லாத ஊரில்தான் தெரிந்தது.

1994இல் வீடு வாங்கினோம். பக்கத்து வீட்டில் இத்தாலியப் பாட்டி ஒருவர். ஆவணி முடியும்போது அவருடைய கராஜ் முழுவதும் தக்காளிப் பெட்டி. மகன்மார் இயந்திரத்தில் அரைக்க, பாட்டி ஒவ்வொரு போத்தலிலும் ஒரு துளசி போன்ற இலையைப் போட்டு நிரப்புவார், பிறகு பெரிய பீப்பாயில் அவிப்பார்கள். என்னையும் கூப்பிட்டுக் கற்றுத் தந்தார். அடுத்த வருடம் நான் யாரையும் கேட்காமல் என் தோட்டத்துப் போஞ்சியை அதே முறையில் பதினெட்டுப் போத்தலில் அடைத்தேன். ஆறும்போது மூடிகள் ஒவ்வொன்றாக 'டிக்' என்று உள்ளே இறங்கிய சத்தம் எனக்குச் சங்கீதமாக இருந்தது. முதல் போத்தலை அவருக்கே கொண்டுபோனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வினிகர்?" என்றார். இல்லை என்றேன். அவருக்கும் எனக்கும் ஆங்கிலம் சொற்பம். என் கையைப் பிடித்து நிலவறைக்குக் கூட்டிப்போய் உறைபெட்டியைத் திறந்து காட்டினார். பை பையாகப் போஞ்சி. பிறகு தன் தொண்டையைத் தொட்டுக் கண்ணை மூடிக் காட்டினார். பதினெட்டையும் எறிந்தேன், அழுதுகொண்டே எறிந்தேன். அந்தப் பாட்டி இன்று இல்லை. என் பிள்ளைகள் உயிரோடு வளர்ந்ததில் அவருக்குப் பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

நம்மவர்களிடம் எனக்குள்ள ஆதங்கமும் இதுதான். "இருபது வருடமாக வெறும் தண்ணீரில்தான் அவிக்கிறோம், ஒன்றும் நடக்கவில்லை" என்று கோயிலில் வைத்துப் புதிதாக வந்தவர்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். 2015 ஏப்ரலில் ஒகாயோ மாநிலத்து லங்காஸ்டரில் ஒரு தேவாலய விருந்து நடந்தது. வீட்டில் வெந்நீரில் அவித்து அடைத்த உருளைக்கிழங்கில் செய்த சலாது. 29 பேருக்கு நோய், ஒருவர் இறந்தார். இன்னும் சிலர் "கொஞ்சம் பழப்புளி விட்டால் போதும்" என்கிறார்கள். புளி எவ்வளவு புளிக்கும் என்று யார் அளந்தார்கள்? தக்காளிக்கே 500 மில்லிலீற்றர்ப் போத்தலுக்கு ஒரு மேசைக்கரண்டி, கடையில் போத்தலில் விற்கும் எலுமிச்சைச்சாறு விட வேண்டும். கையால் பிழிந்த தேசிக்காய் வேண்டாம், அதன் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும். உள்ளியை எண்ணெயில் போட்டு மேசையில் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 1985இல் வன்கூவரில் ஓர் உணவகத்தின் உள்ளி எண்ணெயால் 36 பேர் இதே நஞ்சில் விழுந்தார்கள்.

அழுத்தப் பாத்திரத்தை 2003இல் வாங்கினேன். போஞ்சிக்கு மேலே ஓர் அங்குலம் இடம் விட்டு, பத்து நிமிடம் நீராவியை வெளியே போகவிட்டு, பிறகுதான் 10 பவுண்டு அழுத்தத்துக்கான எடையை மூடியில் வைப்பேன். அரை லீற்றருக்கு 20 நிமிடம், ஒரு லீற்றருக்கு 25. இது கடல் மட்டத்திலிருந்து அதிக உயரமில்லாத ரொறன்ரோ போன்ற இடத்துக்கு. உயரமான கல்கரியில் இருக்கும் என் தங்கை 15 பவுண்டு வைக்க வேண்டும். மாசியில் வெளியே பனி கொட்டும்போது என் போஞ்சியில் பால்கறி வைத்துப் பரிமாறும் பெருமை எனக்கு உண்டு. "கடையில் எல்லாம் கிடைக்கிறதே" என்று சொல்பவர்களும் இரண்டாவது தடவை போட்டுச் சாப்பிடுகிறார்கள்.

நீங்கள் இந்த வருடம் அந்தப் பாத்திரத்துக்குச் செலவழிக்க வேண்டாம். போஞ்சியையும் சிறு வெண்டிக்காயையும் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டெடுத்து, ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, ஈரம் துடைத்து உறைபெட்டியில் வையுங்கள். ஒக்ரோபர் உறைபனிக்கு முன் பறித்துவிடுங்கள்.

அலுமாரியில் இருக்கும் அந்த நான்கு போத்தலையும் திறக்க வேண்டாம், மணந்து பார்க்க வேண்டாம், ஒரு சொட்டும் நாக்கில் வைக்க வேண்டாம். தடித்த பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.