எல்.எஸ். 3/5ஏ: புகழுக்குத் தகுதியானதா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

பிபிசியின் பழைய சின்ன ஸ்பீக்கரான எல்.எஸ். 3/5ஏ பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

அண்ணா, ஐம்பது வருஷமாகப் புகழ்கிறார்களே, அவ்வளவு இருக்கிறதா?

எதற்காகச் செய்தார்களோ அதற்கு இருக்கிறது. வெளியிடங்களில் ஒலிப்பதிவு செய்யும் வேன்களுக்காக 1970களின் தொடக்கத்தில் பிபிசி இதை வடிவமைத்தது. வேனுக்குள் பெரிய பெட்டி வைக்க இடம் கிடையாது. அதனால் ஐந்து லிட்டர் கொள்ளளவில் ஒரு மூடிய பெட்டி, அதில் கேஇஎஃப் நிறுவனத்தின் பி110 வூஃபரும் (தாழ்ந்த ஒலிக்கு) டி27 ட்வீட்டரும் (உயர்ந்த ஒலிக்கு). குரல் உள்ளபடி வருகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் வேலை.

நான் என் அம்மா பேசுவதைப் பதிந்து, அவரைப் பக்கத்திலேயே உட்காரவைத்து, மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். மூச்சு இழுப்பதும், பல்செட் 'ச'வில் லேசாகத் தட்டுவதும் அப்படியே வந்தன. அடிக்குரல் மட்டும் கொஞ்சம் கனத்திருந்தது. 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே, அதாவது அடிக்குரல் பகுதியில், இந்தப் பெட்டியின் ஒலி கொஞ்சம் தூக்கலாக இருக்கும்; சின்னப் பெட்டி மெலிந்து கேட்காதது அதனால்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: முன்பக்கத் துணியைக் கழற்றாதீர்கள். துணியோடு சேர்த்துத்தான் ஒலியைச் சரிசெய்திருக்கிறார்கள்.

தவில், மேளம் எப்படி?

தொப்பி அடி நெஞ்சில் இடிக்காது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி குறைந்துவிடும். அதுதான் வேண்டுமென்றால் வேறு பெட்டி பாருங்கள்.

எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயர் வேண்டும்?

25 முதல் 50 வரை போதும். ஒரு வாட்டுக்கு 83 டெசிபல் அளவில்தான் ஒலி தரும். 89 டெசிபல் ஸ்பீக்கரின் சத்தத்தை எட்ட நாலு மடங்கு சக்தி கேட்கும். பெரிய ஹாலுக்கு வாங்காதீர்கள்.

என்னிடம் 40 வாட் இருக்கிறது, போதுமா?

போதும். மேலே சொல்லிவிட்டேன்.

மின்தடை 15 ஓம் உள்ள பழைய ரகம் மட்டுமே அசல். 1987க்கு அப்புறம் வந்த 11 ஓம் வெறும் பெயர்தானே?

இல்லை ஐயா. வருஷம் போகப் போக பி110 வூஃபரின் தன்மை தயாரிப்பில் விலகிப் போனது. அதைச் சரிக்கட்டத்தான் வூஃபரையும், ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரையும் மாற்றினார்கள்.

அந்த மாற்றத்தில்தான் குரலின் இனிமை போனது!

எந்த 15 ஓம் ஜோடியை வைத்துச் சொல்கிறீர்கள்? நான் ஒருமுறை வாங்கிய 15 ஓம் ஜோடியில் ஒன்றின் ட்வீட்டரை யாரோ மாற்றியிருந்தார்கள். பாடகி நடுவில் நிற்காமல் இடப்பக்கம் ஒதுங்கி நின்றார். ஒழுங்கான 11 ஓம் ஜோடி அதைவிட எவ்வளவோ மேல். ஓம் எண்ணை விடுங்கள். இரண்டு பெட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று ஒரே குரலை இரண்டிலும் தனித்தனியே ஓடவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: 11 ஓம் விலை குறைவு, இனிமை போனதற்கு அதுவே சாட்சி.

விலை காதுக்குச் சாட்சி ஆகாது ஐயா. இதோடு இந்தப் பேச்சை விட்டுவிடுவோம்.

யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கர் எப்படி?

1978இல் வீட்டுக்காக வந்தது, ஸ்டூடியோவில்தான் பேர் வாங்கியது. கூர்மை தாங்காமல் ட்வீட்டர் மேல் டிஷ்யூ காகிதம் ஒட்டினார்கள். பாட்டின் குறையைக் காட்டிக்கொடுக்கும், நான் வீட்டில் கேட்கமாட்டேன்.

நல்ல புளூடூத் ஸ்பீக்கர்?

எனக்குப் பழக்கமில்லை தம்பி.

துணி கிழிந்துவிட்டது. கழற்றிவிட்டுக் கேட்கலாமா?

கூடாது. முன்பிருந்த அதே டைகன் என்ற நெசவுத் துணியைத் தேடி மாற்றுங்கள். கெட்டித் துணி போட்டால் ட்வீட்டர் அமுங்கிவிடும். ட்வீட்டரைச் சுற்றியுள்ள ஃபெல்ட் (கம்பளி போன்ற துணி) பட்டைகளையும் பிய்த்துவிடாதீர்கள்.