கானும் கட்டாரும்

அண்ணா, வணக்கம்.

களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். அரச அலுவலகம் ஒன்றில் வேலை. கணவர் கட்டாரில், அவருடைய கொந்தராத்து 2027 வரை இருக்கிறது. இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அடுத்த வருடம் உயர்தரம் எழுதுகிறாள்.

எங்களிடம் சேர்ந்திருப்பது 22 இலட்சம். அதில் 14 ஒரு நிதிக் கம்பனியில் நிலையான வைப்பாகக் கிடக்கிறது, அடுத்த மாதம் முதிர்வு. மிச்சம் வங்கியில். 2023 தொடக்கத்தில் போட்டபோது 20 வீதத்துக்கு மேல் வட்டி தந்தார்கள். இப்போது எட்டு, ஒன்பது என்கிறார்கள். தம்பி பங்குச் சந்தையில் போடச் சொல்லி நிற்கிறான். மாமி தங்கம் வாங்கி வை என்கிறார்.

இதற்குள் வீட்டுப் பின்பக்கக் கழிவுநீர்க் கான். மழை பெய்தால் குசினித் தண்ணீர் போகாது. போன மாரியில் மலசலகூடத்திலும் தண்ணீர் மேலே ஏறிவிட்டது. முழுவதையும் தோண்டிப் புதிதாகப் போட இரண்டரை இலட்சம் வரும் என்கிறார் மேசன். வட்டிக்குக் கிடக்கும் காசை எடுத்து மண்ணுக்குள் புதைக்க மனம் வரவில்லை.

இரவில் செய்தி பார்க்கவே பயமாக இருக்கிறது. 2025 ஜூன் மாதம் கட்டார்ப் பக்கம் ஏவுகணை வந்த இரவு, விடியும்வரை போனைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். உலகம் இப்படிக் கிடக்கும்போது கானைப் பற்றி யோசிப்பது சின்னப் புத்தியா? காசை என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

சின்னப் புத்தி இல்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு அவசரமாகப் பட்டதே அந்தக் கான்தான். ஏன் என்று சொல்ல என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2022 கார்த்திகை. அம்மா படுக்கையில் இருந்தார். எங்கள் வளவு றோட்டைவிடத் தாழ்வு; கொங்கிரீட் றோட்டு போட்டபோது அரையடி உயர்த்திவிட்டார்கள். மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலையில் குளியலறையின் தண்ணீர் போகும் துளையில் இருந்து கறுப்புத் தண்ணீர் மேலே வந்தது. பகலுக்குள் அது அம்மாவின் அறை வாசல்வரை வந்துவிட்டது. கட்டிலின் கால்களுக்குக் கீழே கல் வைத்து உயர்த்தினோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

குழி, கான், குழாய் எல்லாவற்றையும் உடனே செய்ய வேண்டியிருந்தது. ஒரு இலட்சத்து எண்பதாயிரம் வேண்டும். என்னிடம் கையில் காசு இல்லை, பங்குகள் இருந்தன. 2022 ஜனவரியில் 13,000 புள்ளிகளைத் தாண்டி நின்ற கொழும்புப் பங்குச் சந்தைச் சுட்டெண் அப்போது 9,000க்குக் கீழே கிடந்தது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்திருந்தது. 200 ரூபாயாக இருந்த டொலர் 360க்குப் போயிருந்தது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அப்படிப்பட்ட நேரத்தில், வாங்கிய விலையில் பாதிக்கு எல்லாவற்றையும் விற்றேன். அதே சுட்டெண் 2025இல் 20,000ஐத் தாண்டிவிட்டது.

கானுக்குச் செலவழித்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. வருத்தம் வேறு. பங்கு விலையை இறக்கியது நாட்டின் நிலைமையும் உலக நிலைமையும். ஆனால் என்னை விற்க வைத்தது அவை இல்லை, என் வீட்டுக் கான். மாரிக்கு வேண்டிய காசைப் பத்து வருடக் காசோடு சேர்த்து ஒரே இடத்தில் வைத்திருந்தேன். வீட்டில் இரண்டு இலட்சம் தனியாகக் கிடந்திருந்தால் சந்தை எவ்வளவு விழுந்தாலும் நான் விற்றிருக்க மாட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், எங்கே கூட வட்டி தருகிறார்கள் என்பதைப் பிறகு பார்ப்போம். எந்தக் காசு எப்போது தேவைப்படும் என்பதை முதலில் எழுதுங்கள். கானுக்கு இந்த மாதமே. மகளின் படிப்புக்கு அடுத்த வருடத்தில் இருந்து. 2027க்குப் பிறகு கணவர் ஊரோடு வந்துவிட்டால் வேறு வருமானம் அமையும்வரை குடும்பம் நடத்தக் குறைந்தது ஒரு வருடச் செலவு. இவ்வளவையும் கழித்துவிட்டு மிஞ்சுவது எதுவோ, அதைப் பற்றி மட்டும்தான் தம்பி பேசலாம்.

இனி கான். இரண்டரை இலட்சம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த வயதான மேசன் மண்வெட்டியைத் தொடவே இல்லை. கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் தண்ணீர் நிரப்பினார். ஒரு முனையைக் குசினிச் சுவரோடு நான் பிடித்தேன், மறுமுனையை அவர் கான் முடியும் இடத்தில் பிடித்தார். இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, கோட்டில் இருந்து குழாய்வரை அளந்தோம். தண்ணீர் வெளியேற வேண்டிய வாய், உள்ளே போகும் வாயைவிட ஒன்றரை அங்குலம் உயரத்தில் இருந்தது! இத்தனை வருடமும் தண்ணீரை மேட்டில் ஏறச் சொல்லியிருக்கிறோம். நாலு அங்குலக் குழாய்க்குப் பத்தடிக்கு மூன்று அங்குலம் சரிவு வேண்டும் என்றார். எங்கள் வளவில் பிழை கடைசிப் பதினைந்து அடியில்தான் இருந்தது. மலக்குழி நிறைந்து பழுதாகியிராவிட்டால் செலவு பாதியோடு முடிந்திருக்கும். உங்களுடையதும் முழுவதும் தோண்ட வேண்டியதாக இல்லாமல் இருக்கலாம். அளந்து பார்க்காமல் விலை சொல்லும் மேசனிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். கூரைத் தண்ணீர் விழும் குழாயை யாராவது மலக்குழியோடு பொருத்தியிருக்கிறார்களா? நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் இப்படித்தான் இருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு மணல் நாடாவில் குடியிருக்கிறோம். மாரியில் கிணற்றுத் தண்ணீர் கையால் அள்ளும் உயரத்துக்கு வந்துவிடும். நிலமே நிறைந்து நிற்கும்போது குழித் தண்ணீர் எங்கே ஊறும்? அதற்குள் கூரைத் தண்ணீரையும் விட்டால் அது வீட்டுக்குள்தான் திரும்பி வரும். கூரைத் தண்ணீரைப் பிரித்துவிடுங்கள். குசினிக் கானின் வாயில் ஒரு வலை போடுங்கள்; தேங்காய்ப்பூவும் சோற்றுக் கஞ்சியும் எண்ணெயும் சேர்ந்து குழாய்க்குள் சுண்ணாம்பு மாதிரி இறுகிவிடும். றோட்டோரக் கான் பிரதேச சபையின் பொறுப்பு. அது அடைபட்டிருந்தால் இப்போதே எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்த பிறகு எல்லோரும்தான் போய் நிற்பார்கள்.

காசை மண்ணுக்குள் புதைக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டரை இலட்சத்துக்கு ஒன்பது வீதப்படி வருடத்துக்கு இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம் வட்டி வரும். மலக்குழித் தண்ணீர் கிணற்றில் கலந்து ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் படுத்தால் அது எத்தனை நாளைக்குக் காணும்? வங்கியில் இருக்கும் எட்டு இலட்சத்தில் இருந்து எடுங்கள். அதுவும் முதிராத வைப்பாக இருந்தால் உடைக்க வேண்டாம், அதை ஈடாக வைத்துக் கடன் தருவார்கள். வைப்பு வட்டியைவிடச் சற்றுக் கூடத்தான் வரும், ஆனால் உடைத்தால் போகும் வட்டியோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். முதிர்வுக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கிறதென்றால் கடன்தான் இலாபம்.

சரி, நிதிக் கம்பனியில் உள்ள 14 இலட்சம். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் பயம். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ மூழ்கினால், வைப்புக் காப்புறுதியில் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான் கிடைக்கும். உங்கள் 14இல் மூன்று வெளியே நிற்கிறது, சேரும் வட்டியும் வெளியே. முதிர்ந்தவுடன் வட்டியையும் சேர்த்து 11க்குள் அடங்கும்படி வைத்துவிட்டு, மிச்சத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றுங்கள். அனுமதிப் பட்டியல் மத்திய வங்கியின் தளத்தில் இருக்கிறது, போட முன் பெயரைச் சரிபாருங்கள். மாதம் பத்து வீதம் தருகிறோம், இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லி வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தப் பிரமிட் முறை வங்கிச் சட்டப்படி குற்றம். கட்டார்க் காசு வருகிற வீடு எது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

20 வீதம் போய்விட்டதே என்று கவலைப்படாதீர்கள். 2022 கடைசியில் அரசாங்கம் கடன் வாங்க விற்கும் மூன்று மாதத் திறைசேரி உண்டியலுக்கே 30 வீதத்துக்கு மேல் கொடுத்தார்கள். அது நாட்டுக்குக் காய்ச்சல் அடித்த நேரத்து வட்டி. 2025 செப்டெம்பரில் பணவீக்கம் 2 வீதத்துக்கும் கீழே இருந்தது. விலைகள் இப்படி நிற்கும்போது எட்டோ ஒன்பதோ வட்டி என்றால், அந்தக் காசால் வாங்கக்கூடியது உண்மையிலேயே கூடுகிறது. 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். உங்கள் பெயரில் வரும் மொத்த வருமானம் வருடத்துக்கு 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுங்கள், பிடிக்க மாட்டார்கள். நிறையப் பேர் இதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

தங்கத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் 2025 ஒக்டோபரில்தான் 4,000 டொலரைத் தாண்டியது. இங்கே பவுண் மூன்று இலட்சத்தைக் கடந்தாயிற்று. எல்லோரும் ஓடி வாங்கும் நேரத்தில் செய்கூலியும் கொடுத்து நகை வாங்க வேண்டாம். இருக்கிற நகையை விற்கவும் வேண்டாம். நம் பெண்களுக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் காசு தேவைப்பட்டால் விடிந்ததும் கைகொடுப்பது அடகு வைக்கும் நகைதான். மாமிக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அந்த ஜூன் இரவுக்கு வருகிறேன். ஜூன் 23, ஈரான் கட்டாரில் உள்ள அமெரிக்கத் தளத்துக்கு ஏவுகணை அனுப்பியது. வான்பரப்பையே மூடினார்கள். நீங்கள் விழித்திருந்ததை ஒருநாளும் பெரிதுபடுத்தல் என்று சொல்ல மாட்டேன். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கல்முனையிலும் எத்தனை வீடுகள் அன்று அப்படி விழித்திருந்தன! நம் ஊருக்கு உலகச் செய்தி என்பது தொலைக்காட்சியில் வருகிற ஒன்று மட்டுமில்லை. மாதக் கடைசியில் கணக்குக்கு வரும் காசும் அதுதான், கிடைக்காமல் போகும் போன் அழைப்பும் அதுதான்.

ஆனால் அந்தப் பயத்தில் காசை மட்டும் தொடாதீர்கள். அந்த நாட்களில் ஈரானை ஒட்டிய கடல்வழியான ஹோர்முஸ் நீரிணையை மூடுவார்கள் என்று பேச்சு. உலக எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அப்போது அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பீப்பாய் 80 டொலர்வரை ஏறியது. போர்நிறுத்தம் என்றதும் இரண்டு நாளில் 70க்குக் கீழே இறங்கிவிட்டது. இறக்குமதிப் பொருட்களுக்கு அமெரிக்கா போட்ட வரியும் அப்படித்தான். 2025 ஏப்ரலில் இலங்கைக்கு 44 வீதம் என்றார்கள், ஜூலையில் 30, ஆகஸ்டில் 20 என்று வந்து நின்றது. 44 என்ற எண்ணைக் கேட்டுப் பயந்து அந்தக் கிழமையே பங்கை விற்றவர்களை எனக்குத் தெரியும்.

மாரியில் வாவித் தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரத்து மணலை வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வெட்டு, வயல் தாழுகிறது என்று வெள்ளாமைக்காரர் நிற்பார்கள். இப்போதே வெட்டினால் மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும் என்று மீன்பிடிக்காரர் நிற்பார்கள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொன்னவுடனே வெட்டிவிடுவதில்லை. வாவியின் மட்டம் எவ்வளவு, வயலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு மாதமும் கட்டாரில் இருந்து எவ்வளவு வந்தது, சம்பளம் நேரத்துக்குக் கொடுக்கிறார்களா, கொந்தராத்தைப் புதுப்பிப்பார்களா என்று கணவரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். உலகம் உங்கள் வீட்டுக்குள் வருகிற கதவு அதுதான். அங்கே ஏதும் மாறினால் உடனே திட்டத்தை மாற்றுங்கள். மற்றச் செய்திகளுக்காக முதிராத வைப்பை உடைக்க வேண்டாம்.

தம்பியோடு சண்டை பிடிக்காதீர்கள். கணக்கெல்லாம் கழித்து இரண்டு இலட்சம் மிஞ்சினால், ஐந்து வருடம் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்று உங்களால் சொல்ல முடிந்தால், அதைப் பங்கில் போடுவதில் எனக்கு மறுப்பில்லை. கடன் எடுத்தோ நகையை வைத்தோ வேண்டாம். கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்கட்டும்.

ஐப்பசி பிறந்துவிட்டது. நேற்று இரவு இங்கே நல்ல மழை. மேசனுக்கு இன்றே சொல்லுங்கள், அந்தத் தண்ணீர்க் குழாயோடு வரச் சொல்லுங்கள். ஒரு முனையை நீங்களே பிடியுங்கள். எத்தனை அங்குலம் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்