வானொலியில் மின்னலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்

கேள்வி: நான் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. எங்கள் ஊர் வானொலி நிலையத்தில் மின்னலைப் பற்றி 10 நிமிடம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறு பக்கம் எழுதிவிட்டேன். வகுப்பெடுத்துப் பழக்கம், மைக் புதுசு. எப்படித் தயாராவது?

பதில்: எழுதியதை வீட்டில் ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் அடுப்படியில் வேலையாக இருக்கும்போது படிப்பது முக்கியம். வானொலியை அப்படித்தான் கேட்பார்கள். அவர் “என்னது?” என்று திரும்பும் இடத்தையெல்லாம் பேனாவால் குறியுங்கள்.

பெரும்பாலும் அவை நீள வாக்கியங்களாக இருக்கும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. படிப்பவர் மேலே போய் இன்னொரு தடவை பார்த்துக்கொள்வார், கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. “மேகத்தினுள் மோதும் பனித்துகள்களால் உருவாகி அடுக்குகளாகப் பிரியும் மின்னூட்டங்களுக்கிடையே நிகழும் மின்னிறக்கமே மின்னல் ஆகும்” என்று சொல்லி முடிப்பதற்குள் குக்கர் விசில் அடித்துவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “மேகத்துக்குள்ளே பனித்துகள்கள் மோதிக்கொள்கின்றன. மோத மோத மின்சாரம் சேர்கிறது. ஒரு கட்டத்தில் தாங்காமல் பாய்கிறது. அதுதான் மின்னல்.” மின்னூட்டத்தை மின்சாரம் என்று சொல்லிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொள்ளும். பத்து நிமிடம்தானே, அடித்துக்கொள்ளட்டும்.

ஊரில் “இடி விழுந்தது” என்பார்கள். விழுவது மின்னல்தான், ஆனால் எடுத்த எடுப்பில் திருத்தப் போகாதீர்கள். இடிச் சத்தம் கேட்டதும் “அர்ஜுனா, அர்ஜுனா” என்று சொல்லும் பாட்டியிலிருந்தே தொடங்கலாம். அவர் அதைச் சொல்லும்போது அந்த மின்னல் வெட்டி முடிந்திருக்கும். ஏன் என்று கேளுங்கள், ஒளி வேகமும் ஒலி வேகமும் தானாக உள்ளே வந்துவிடும்.

எண்களைக் குறையுங்கள். மின்னல் பாயும் பாதை சுமார் 30,000 டிகிரி சூடு என்பது காதில் நிற்காது. சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு என்றால் நிற்கும். அதைவிட நல்லது நேரலையிலேயே எண்ணிக் காட்டுவது. “பளிச்” என்று சொல்லிவிட்டு நொடிக்கு ஒன்றாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். நிலையத்தாரிடம் சொல்லி வைத்தால் மூன்றில் இடிச் சத்தம் போடுவார்கள். “ஒரு கிலோமீட்டர் தள்ளி” என்று சொல்லி நிறுத்துங்கள். இதைத் தொலைக்காட்சியில்கூட இவ்வளவு நன்றாகச் செய்ய முடியாது.

1960களில் தஞ்சைப் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வானொலி வழியாகப் பரவி, “ரேடியோ நெல்” என்றே பெயர் வாங்கியது. கேட்டவர் வயலில் செய்து பார்க்க அதில் ஒரு விஷயம் இருந்தது. உங்கள் பேச்சிலும் அப்படி ஒன்று வேண்டும்: மின்னியபின் முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வெளியே வராதீர்கள். நடுவிலும் முடிவிலும் இதையே சொல்லுங்கள், பாதியில் ரேடியோவைப் போட்டவருக்கும் போய்ச் சேரும்.

அப்புறம், மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்காருங்கள். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றிவிடுங்கள். தாள் புரட்டும் சத்தம் மைக்கில் மழை பெய்கிற மாதிரி கேட்கும். மின்னலுக்குப் பொருத்தம்தான், ஆனாலும் வேண்டாம்.