ஹெப்பட்டைட்டிஸ் சி இருப்பதாக இரத்த வங்கியில் சொன்னார்கள்; உடலில் ஒரு குறையும் இல்லை. உடனே மருந்து எடுக்க வேண்டுமா, பொறுத்துப் பார்க்கலாமா?

நீங்கள் உப்புவெளியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலை நகரத்தவன். உங்களைப் போலவே நோய் என்று எதையும் உணராமல், ஈரலைத் தாக்கும் இக்கிருமியோடு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவன். தொழிலால் மின்வேலைக்காரன், வைத்தியன் அல்லன். ஆகவே எனக்கு நேர்ந்ததையும் என் வைத்தியரிடம் கேட்டுத் தெளிந்ததையும் மட்டும் எழுதுகிறேன்.

மருந்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரத்ததானத்தின்போது கண்டுபிடிக்கப்படுவது பெரும்பாலும் பிறபொருளெதிரிதான், அதாவது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள். கிருமி என்றோ ஒருநாள் உடலுக்குள் வந்தது என்பதற்கு அது தடயமே தவிர, இன்றும் அங்கே இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி அல்ல. தொற்றியவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு ஆறு மாதத்துக்குள் அது மருந்தில்லாமலே நீங்கிவிடுகிறது. எனவே ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்து கிருமி உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இக்கேள்விக்கே வேலையில்லை.

எனக்கு அது இருந்தது. 1988இல் கந்தளாய் வீதியில் லொறி மோதித் தொடை எலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சையின்போது மூன்று போத்தல் இரத்தம் ஏற்றினார்கள். அதன் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று வைத்தியர் கருதுகிறார். ஹெப்பட்டைட்டிஸ் சி வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989இல்தான். அதற்கு முன் அதைத் தேடிப்பார்க்க உலகில் எங்குமே பரிசோதனை இருக்கவில்லை என்பதால், இரத்தம் ஏற்றியவர்களை நான் குறை கூற முடியாது. ஆனால் 2009இல் கட்டாருக்கு வேலைக்குப் போக மெடிக்கல் செய்தபோது, தகுதியில்லை என்று முத்திரை குத்திய தாளை நீட்டிவிட்டு, என்ன நோய், யாரிடம் போக வேண்டும் என்று ஒரு சொல்லும் சொல்லாமல் என்னை வெளியே அனுப்பிய நிலையத்தின் மீது இன்றும் எனக்குக் கோபம் உண்டு.

அது இக்கிருமிதான் என்று பிறகு தெரிந்து, இரவு பஸ்ஸில் கொழும்பு சென்று ஈரல் நிபுணர் ஒருவரைச் சந்தித்தேன். என்னுடைய கிருமி மூன்றாம் மரபணு வகை என்றும், இன்டர்பெரோன் ஊசி வாரம் ஒன்றாக 24 வாரம் போட்டு ரிபாவிரின் மாத்திரையும் விழுங்கினால் பத்தில் ஏழெட்டுப் பேருக்குக் குணமாகும் என்றும் சொன்னார். ஊசி போட்ட நாளெல்லாம் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம், இரத்தம் குறையலாம், மனச்சோர்வு கடுமையாகத் தாக்கலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஏணியில் ஏறினால்தான் எனக்கு அன்றைய கூலி. பொறுத்திருப்பது என்று முடிவு செய்தேன். அன்றைய மருந்தையும் அன்றைய என் நிலையையும் பார்த்தால் அது பிழையான முடிவு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. பிழை அதற்குப் பிறகு நடந்தது: பொறுத்திருக்கிறேன் என்பதையே மறந்துபோனேன். மனைவியின் மாமி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து தந்தார்; செங்கமாரிக்கு நல்லது என்ற நம்பிக்கையில் இரண்டு வருடம் குடித்தேன். எனக்குச் செங்கமாரி வந்ததே இல்லை என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை, நானும்தான். 2013இன் இறுதியில் இக்கிருமியை நீக்கும் சோபோஸ்புவிர் என்ற மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றதும், சில ஆண்டுகளில் இந்திய நிறுவனங்கள் அதைக் குறைந்த விலையில் தயாரிக்கத் தொடங்கியதும், ஊசியின் காலம் முடிந்ததும் எனக்குத் தெரியவே இல்லை. ஊசிக்குப் பயந்து ஒதுங்கியவன், ஊசி இல்லாமற் போன பிறகும் ஒதுங்கியே இருந்தேன்.

2017இல் கிண்ணியாவையும் திருகோணமலையையும் டெங்கு அலைக்கழித்த மாதங்களில் எனக்கும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் தணிந்து ஆறு வாரமாகியும் இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை 1,05,000ஐத் தாண்டவில்லை. குறைந்தது 1,50,000 இருக்க வேண்டும். வார்ட்டில் இருந்த இளம் வைத்தியர் அதை டெங்குவின் கணக்கில் எழுதிவிடாமல், ஈரலில் ஏதாவது உண்டா என்று கேட்டார். ஈரலில் வடு இறுகும்போது இரத்தம் தடைப்பட்டு மண்ணீரல் வீங்குகிறது; வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்கிறது.

அவர் காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் ஈரல் பாதிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவுகள். வயதை எஸ்.ஜி.ஓ.டி. அளவால் பெருக்கி, ஆயிரங்களில் எழுதிய பிளேட்லெட் எண்ணிக்கையாலும் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். விடை 1.45க்குக் கீழே என்றால் கடும் வடு இருக்கும் வாய்ப்புக் குறைவு, 3.25க்கு மேலே என்றால் சந்தேகிக்க வேண்டும். எனக்கு வயது 50, எஸ்.ஜி.ஓ.டி. 88, எஸ்.ஜி.பி.டி. 72, விடை 4.9 வந்தது. பின்னர் கொழும்பில் செய்த, ஈரலின் விறைப்பை அளக்கும் பைப்ரோஸ்கான் சோதனையும் ஈரல் இறுக்கம் (சிரோசிஸ்) தொடங்கிவிட்டது என்றே சொன்னது. அந்த நாள் வரை எனக்கு வலியில்லை, மஞ்சள் இல்லை, சோர்வுகூட வேலைக் களைப்பு என்றே தோன்றியது. உடலில் குறை ஒன்றும் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

2018இல் சோபோஸ்புவிரும் டக்லடாஸ்விரும் தினம் ஒவ்வொன்று எடுத்தேன். வடு இல்லாதவருக்கு 12 வாரம் போதும். எனக்கு 24 வாரம் வேண்டியிருந்தது. முதல் இரு வாரம் தலைவலி இருந்தது, வேலையை நிறுத்தவில்லை. இம்மாத்திரைகளால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் குணமடைகிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டில், வடு எந்த நிலையில் இருந்தாலும் 12 வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவருக்கும் சிகிச்சை தரலாம் என்று பரிந்துரைத்தது. ஆகவே ஆர்.என்.ஏ. இருப்பது உறுதியானால், பொறுத்திருக்க இன்று நல்ல காரணம் எதையும் நான் காணவில்லை.

தொடங்குமுன் ஹெப்பட்டைட்டிஸ் பி பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். சி நீங்கும்போது உள்ளே உறங்கும் பி விழித்துக்கொள்ளக்கூடும். எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் வைத்தியரிடம் காட்டுங்கள். இதயத்துடிப்புக்குத் தரும் அமியோடரோன் சோபோஸ்புவிருடன் சேர்ந்தால் ஆபத்து. இக்கிருமிக்கான இன்னொரு மருந்தான வெல்பட்டாஸ்விர் உள்ள மாத்திரை தந்தால், வயிற்றெரிவுக்கான ஒமெப்ரசோல் அதன் பலனைக் குறைத்துவிடும். சாராயம், கள்ளு இரண்டையும் நிறுத்துங்கள். வீட்டில் கோப்பை, தட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. என் மனைவி மூன்று மாதம் எனக்கென்று தனித் தட்டு வைத்திருந்தாள், பாவம், அவளுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிரிக்க வேண்டியவை சவர பிளேட்டும் பல் துலக்கும் பிரஷும்தான்.

மாத்திரை முடிந்து 12 வாரத்தின் பின் எடுத்த ஆர்.என்.ஏ. பரிசோதனையில் கிருமி இல்லை. வடு மட்டும் இருப்பதால், ஈரலில் கட்டி எதுவும் வளர்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் செய்கிறேன். வடு விழுவதற்கு முன்பே மருந்து எடுத்திருந்தால் இந்த அலைச்சல் இருந்திராது. பிறபொருளெதிரி ஆயுளுக்கும் இரத்தத்தில் இருக்கும் என்பதால், 2021இல் குடலிறக்க அறுவைக்கு முன் எடுத்த சோதனையில் மறுபடியும் சி உண்டு என்றே வந்தது. தாதி முகம் மாறி வைத்தியரை அழைக்கப் போனார். பிளாஸ்ரிக் உறையில் மடித்து வைத்திருந்த ஆர்.என்.ஏ. அறிக்கையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். அன்றே அறுவை நடந்தது.